நெருப்புக்கோழியையும் ஈ. கோலை பாக்டீரியாவையும் ஒப்பிட முடியுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: பறக்காமல் தரையில் வாழும் நெருப்புக்கோழியையும், குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் ஏதேனும் பொருள் உண்டா? உண்டென்றால், இரண்டில் எது அதிகம் முன்னேறிய உயிர்? முதல் பாதிக்கு என் பதில் 'உண்டு' என்பதே. இரண்டாம் பாதி, பதில் சொல்வதற்கு முன்பாகத் திருத்தப்பட வேண்டிய கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்படியொரு ஒப்பீடு புதியதும் அல்ல. டச்சு நுண்ணுயிரியலாளர் ஆல்பர்ட் க்ளூய்வர் 1920களிலேயே, யானையும் பாக்டீரியாவும் அடிப்படை வேதியியலில் ஒன்றே என்ற கருத்தை முன்வைத்தார். பிரெஞ்சு உயிரியலாளர் ஷாக் மோனோ 1950களில் அதைக் கூர்மையாக்கி, ஈ. கோலைக்கு உண்மையாக இருப்பது யானைக்கும் உண்மையாக இருக்கும் என்றார். யானை இருந்த இடத்தில் நெருப்புக்கோழியை நிறுத்தி அந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான் இங்கே செய்யக்கூடிய பயனுள்ள காரியம். சோதித்தால் கிடைக்கும் விடை மூன்று வகையாகப் பிரிகிறது: செல்லுக்குள் நடக்கும் வேதியியலில் மோனோ சொன்னது ஏறக்குறைய முழுவதும் சரி, உடலின் அளவு குறுக்கிடும் இடங்களில் அது செல்லாது, பரம்பரைச் சொத்தான மரபணுக்கள் கைமாறும் முறையில் இரண்டும் இரு வேறு உலகங்களைச் சேர்ந்தவை.

முதலில் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இரண்டு பெயர்களுமே வழிதவறச் செய்பவை. நெருப்புக்கோழிக்கு நெருப்போடு எந்தத் தொடர்பும் இல்லை. கோழியோடும் நெருங்கிய உறவு இல்லை. இன்றுள்ள பறவைகளின் குடும்ப மரம் தொடக்கத்திலேயே இரண்டாகக் கிளைக்கிறது. கோழி, வாத்து, காகம், கழுகு ஆகிய எல்லாம் ஒரு கிளையில் இருக்க, நெருப்புக்கோழி, ஈமு, கிவி, ரியா, காசோவரி முதலானவை மற்றொரு கிளையில் இருக்கின்றன. ஈ. கோலையின் கதையும் இதைப் போன்றதே. ஜெர்மானியக் குழந்தை மருத்துவரான தியோடார் எஷெரிக் 1885இல் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டறிந்தார். 1919இல் அவர் பெயரே பேரினப் பெயராக வைக்கப்பட்டது. 'கோலை' என்பது பெருங்குடலைக் குறிக்கும் சொல் என்பதால், பெருங்குடலின் முதன்மைக் குடிமகன் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்குள்ள பாக்டீரியாக் கூட்டத்தில் இதன் பங்கு பொதுவாக நூற்றில் ஒன்றுகூட இருக்காது. ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரக்கூடியதால் ஆய்வகத்தில் எளிதாக வளர்ந்தது, எளிதாக வளர்ந்ததால் எல்லோர் கண்ணிலும் பட்டது, அவ்வளவுதான்.

மோனோவின் கூற்று வெற்றி பெறும் இடம் செல்லின் உட்புறம். நெருப்புக்கோழியின் தொடைத் தசையிலும் ஈ. கோலையிலும் பரம்பரைத் தகவல் டி.என்.ஏ.யில் அதே நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றெழுத்துச் சொல் ஒவ்வொன்றும் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்ற அகராதியும் ஒன்றே. செலவழிக்கும் ஆற்றல் நாணயமும் ஏ.டி.பி. என்ற அதே மூலக்கூறுதான். இது வெறும் ஒப்புமை அல்ல என்பதற்கு நடைமுறைச் சான்று உண்டு. 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ. கோலைக்குள் செலுத்தியபோது, அந்த பாக்டீரியா அதைத் தன் சொந்த மரபணுவைப் போலவே படித்து இன்சுலினைக் கட்டியது. 1982இல் அது அமெரிக்காவில் மருந்தாக அனுமதிக்கப்பட்டது. அகராதி வேறாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதே சமயம் ஒற்றுமை அப்பழுக்கற்றது என்றும் நினைத்துவிடக் கூடாது. புரதம் கட்டும் ரைபோசோம் இரண்டிலும் இருந்தாலும் பாக்டீரியாவின் ரைபோசோம் சிறியது, சில இடங்களில் வடிவம் மாறியது. ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவைக் கொன்று, அதைச் சுமக்கும் விலங்கை விட்டுவைப்பது அந்தச் சிறு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான்.

இனி அளவுக்கு வருவோம். வளர்ந்த ஆண் நெருப்புக்கோழி இரண்டரை மீட்டருக்கும் மேல் உயரம் நிற்கும். எடை 100 முதல் 150 கிலோகிராம் வரை இருக்கும். ஈ. கோலை இரண்டு மைக்ரான் நீளமும் அதில் பாதிக்கும் குறைவான அகலமும் கொண்ட ஒரு குச்சி. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நீள வேறுபாடு பத்து லட்சம் மடங்குக்கும் மேல். எடையில் வேறுபாடு ஒன்றுக்குப் பின் பதினேழு சுழியங்கள் போட்டு எழுத வேண்டிய மடங்கு. இந்த எண்களை வியந்துவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஆனால் இவற்றிலிருந்து கிளைக்கும் விளைவுகளே நெருப்புக்கோழிக்கு ஏன் இதயமும் நுரையீரலும் குடலும் வேண்டியிருக்கின்றன என்பதை விளக்குகின்றன.

ஒரு சொட்டு மை நீரில் தானாகப் பரவுவதைப் பாருங்கள். மூலக்கூறுகள் இப்படித் தற்செயலாக அலைந்து பரவுவதை விரவல் என்கிறோம். அதன் விதி விசித்திரமானது: தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும், தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். நீரில் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு ஒரு மைக்ரான் தூரத்தை விரவலால் கடக்க ஒரு மில்லிநொடியில் கால் பங்கு போதும். அதே மூலக்கூறு நெருப்புக்கோழியின் ஒரு மீட்டர் நீளக் கழுத்தை அதே வழியில் கடக்க வேண்டுமானால் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகும். ஈ. கோலைக்கு மூக்கும் இல்லை, நுரையீரலும் இல்லை, இரத்தமும் இல்லை என்பதை ஒரு குறையாக எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றே சொல்வேன். அதற்கு அவை தேவையே இல்லை. தன் மேற்பரப்பில் வந்து மோதும் ஆக்சிஜன் கண்சிமிட்டும் நேரத்தில் ஒரு சிறு பங்கிலேயே உள்ளே எங்கும் சென்று சேர்ந்துவிடும். நெருப்புக்கோழியோ தன் ஒவ்வொரு செல்லுக்கும் அந்த மைக்ரான் அளவு அண்மையைச் செயற்கையாக ஏற்படுத்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது. காற்றுப்பைகளின் உதவியோடு ஒரே திசையில் காற்று ஓடும் நுரையீரல், பெரிய இதயம், தசைகளுக்குள் மயிரிழையினும் மெல்லியதாகப் பிரியும் இரத்தக் குழாய்கள் ஆகிய எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை, ஒவ்வொரு செல்லையும் பாக்டீரியாவின் வசதியான நிலைக்குக் கொண்டுவருவதே. அந்த வசதியின் மறுபக்கமும் உண்டு: வேகமாக வளரும் ஈ. கோலை, எடைக்கு எடை பார்த்தால், ஓய்வில் நிற்கும் நெருப்புக்கோழியைவிடப் பல நூறு மடங்கு வேகமாக ஆற்றலை எரிக்கிறது.

ஓட்டத்தில் இரண்டையும் நிறுத்திப் பார்ப்பது இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நெருப்புக்கோழி மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. இரு கால்களில் ஓடும் உயிரினங்களில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. இன்றுள்ள பறவைகளில் காலுக்கு இரண்டே விரல்கள் கொண்டது இது ஒன்றுதான். பெரிய விரலில் குளம்பைப் போன்ற நகம் இருக்கிறது. பின்னோக்கி மடங்கும் முழங்கால் என்று பலர் எண்ணுவது உண்மையில் கணுக்கால்; முழங்கால் மேலே, இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. நீண்ட தசைநாண்கள் ஒவ்வோர் அடியிலும் வில்லைப் போல இழுபட்டு, அடுத்த அடிக்கு ஆற்றலைத் திருப்பித் தருகின்றன. ஈ. கோலை நொடிக்கு 20 முதல் 30 மைக்ரான் வரை நீந்தும், அதாவது ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஆனால் தன் உடல் நீளத்தை அலகாக வைத்து அளந்தால் பாக்டீரியா நொடிக்குப் பத்து உடல் நீளங்களுக்கு மேல் செல்கிறது. நெருப்புக்கோழி, தன் உயரத்தை அலகாகக் கொண்டால், எட்டைத் தாண்டுவதில்லை.

ஆயினும் இந்த வெற்றியைக் கொண்டாடுவதற்கு முன், இரண்டும் ஒரே இயற்பியலில் ஓடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெருப்புக்கோழி ஓடும்போது அதன் கால்கள் திடீரென நின்றாலும் உடல் முன்னோக்கிப் பாயும். நிலைமம் அதன் உலகத்தை ஆள்கிறது. ஈ. கோலையின் உலகில் நிலைமம் என்பதே கிடையாது. அதன் அளவில் நீர், நமக்குக் கெட்டியான பாகைப் போன்றது. அமெரிக்க இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1970களில் செய்த ஒரு கணக்கு இதைக் கண்முன் நிறுத்துகிறது: நீந்திக்கொண்டிருக்கும் ஈ. கோலை தன் இயக்கத்தை நிறுத்தினால், அது முழுவதும் நின்றுவிடுவதற்குள் வழுக்கிச் செல்லும் தூரம் ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. அத்தகைய உலகில் கால்களையோ துடுப்பையோ முன்னும் பின்னும் ஆட்டுவது வீண்; முன்னே சென்றதெல்லாம் அடுத்த வீச்சில் அப்படியே பின்னே வந்துவிடும். அதனால்தான் ஈ. கோலை கால் வைக்காமல் திருகு வைத்திருக்கிறது. அதன் உடலிலிருந்து நீளும் சில கசையிழைகள் ஒவ்வொன்றின் அடியிலும் உண்மையிலேயே சுழலும் ஒரு மோட்டார் இருக்கிறது. நொடிக்கு நூறு சுற்றுகளுக்கும் மேல் சுழலும். எல்லா மோட்டார்களும் இடஞ்சுழியாகச் சுழன்றால் கசையிழைகள் ஒன்றாகப் பின்னிக்கொண்டு பாக்டீரியா நேராகச் செல்லும். சில மோட்டார்கள் வலஞ்சுழியாக மாறினால் பின்னல் குலைந்து, பாக்டீரியா ஒரு கணம் உருண்டு புரண்டு, புதிய திசை ஒன்றில் மீண்டும் கிளம்பும். ஏறக்குறைய ஒரு நொடி ஓட்டம், பத்தில் ஒரு நொடி புரளல், மறுபடி ஓட்டம் என்று அதன் வாழ்க்கை போகிறது.

அந்தப் புரளலில் திசையைத் தேர்ந்தெடுக்க முடியாத ஓர் உயிர் உணவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நெருப்புக்கோழிக்கு இந்தச் சிக்கல் இல்லை. தரையில் வாழும் முதுகெலும்பிகளிலேயே பெரிய கண் அதனுடையது. ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவு, அதன் மூளையைவிடப் பெரியது. இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து தொலைவை அளந்து அது நேராக நடக்கும். ஈ. கோலையின் உடல் மிகச் சிறியது என்பதால், தலைப்பக்கம் இருக்கும் சர்க்கரைக்கும் வால்பக்கம் இருக்கும் சர்க்கரைக்கும் உள்ள வேறுபாட்டை நம்பகமாக அளக்க அதனால் இயலாது. ஆகவே அது இடத்தை ஒப்பிடாமல் காலத்தை ஒப்பிடுகிறது. உடலின் முனையில் கொத்தாக இருக்கும் உணர்விகள் இப்போதைய செறிவைச் சில நொடிகளுக்கு முந்தைய செறிவோடு ஒப்பிடுகின்றன. நிலைமை மேம்பட்டுக்கொண்டிருந்தால் புரளல் தள்ளிப்போடப்படுகிறது, அவ்வளவே. அந்தச் சில நொடி நினைவு எங்கே இருக்கிறது என்றால், உணர்விப் புரதங்களின் மேல் ஒட்டியும் உதிர்ந்தும் மாறும் மிகச் சிறிய வேதிக் குறிகளில் இருக்கிறது. மூளை இல்லாத நினைவு என்று இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அடுத்தது பெருக்கம். நல்ல உணவும் 37 பாகை வெப்பமும் கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிடங்களில் இரண்டாகும். இப்படியே தடையின்றிப் பெருகினால், ஒரே ஒரு செல்லின் சந்ததி 19 மணி நேரத்தில் 120 கிலோகிராம் எடையுள்ள நெருப்புக்கோழிக்குச் சமமாகிவிடும். நடைமுறையில் உணவு அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடும். இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஈ. கோலையின் டி.என்.ஏ. சுமார் 46 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு வளையம். அதை இரண்டு இயந்திரங்கள் இரு திசைகளிலும் நொடிக்கு ஏறத்தாழ 1,000 எழுத்து வேகத்தில் நகலெடுத்தாலும் முடிப்பதற்கு 40 நிமிடங்கள் ஆகும். நகலெடுக்க 40 நிமிடங்கள் ஆகும் ஒன்று 20 நிமிடங்களுக்கு ஒருமுறை எப்படிப் பிரிய முடியும்? ஒரு நகல் முடிவதற்கு முன்பே அடுத்த நகலைத் தொடங்கிவிடுவதால் முடிகிறது. வேகமாக வளரும் செல்லுக்குள் மகள்களுக்கான நகல் முடியும் நிலையில் இருக்க, பேத்திகளுக்கான நகல் ஏற்கெனவே தொடங்கியிருக்கும். நெருப்புக்கோழியிலும் இதற்கு ஓர் எதிரொலி கேட்கிறது: பறவைகளில், பெண் குஞ்சு முட்டைக்குள் இருக்கும்போதே அதன் சூலகத்தில் வருங்கால முட்டைகளுக்கான மூலச் செல்கள் உருவாகிவிடுகின்றன. ஆகவே அடைகாக்கப்படும் ஒரு முட்டைக்குள் மகளும், மகளுக்குள் பேரப்பிள்ளைகளின் வித்தும் ஒன்றாகவே இருக்கின்றன.

முட்டை என்றதும் ஒரு தவறான கூற்றைத் திருத்த வேண்டும். உலகின் மிகப் பெரிய ஒற்றைச் செல் நெருப்புக்கோழி முட்டை என்று பாடநூல்கள் பலவற்றில் காணலாம். சுமார் 1.4 கிலோகிராம் எடையுள்ள அந்த முட்டை முழுவதும் ஒரு செல் அல்ல. ஓடும் வெள்ளைக்கருவும் தாயின் உடல் சுரந்து சேர்த்த உறைகள். செல் என்று சொல்லத்தக்கது மஞ்சள்கரு மட்டுமே. அதுவும் கருவுற்ற முட்டையானால், ஓடு உருவாகும் நேரத்திலேயே கரு பிரியத் தொடங்கிவிடுவதால், மணலில் இடப்படும்போது அதன் மேல் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கும். தாயின் சூலகத்தை விட்டு வெளிவரும் அந்தக் கணத்தில் மட்டும் ஒற்றைச் செல் என்ற பட்டம் பொருந்தும். அந்தக் கணத்தில், இந்தப் பறவையும் ஈ. கோலையைப் போல ஒரே ஒரு செல்தான் என்பது மட்டும் உண்மை.

கூட்டில் நடப்பதும் கவனிக்கத்தக்கது. ஆண் பறவை மணலில் தோண்டும் ஒரு சிறு பள்ளத்தில் பல பேடுகள் முட்டையிடும். ஆனால் முதன்மைப் பேடு ஒன்றுதான் ஆணோடு சேர்ந்து, பகலில் தானும் இரவில் ஆணுமாக, ஆறு வாரங்கள் அடைகாக்கும். உடலால் மூட முடிந்ததைவிட முட்டைகள் அதிகமாகிவிட்டால், அது தன் முட்டைகளை நடுவில் வைத்துக்கொண்டு மற்றவற்றை விளிம்புக்குத் தள்ளிவிடும். நரியோ கழுகோ வந்தால் முதலில் போவது விளிம்பில் இருப்பவை. ஈ. கோலையில் இதற்கு இணையான ஒன்று இருக்கிறது, ஆனால் கொடியது. சில இனவகைகள் கோலிசின் என்ற நஞ்சைத் தயாரிக்கின்றன. 1925இல் ஆந்த்ரே கிராஷியா இதைக் கண்டறிந்தார். நஞ்சை வெளியேற்றும் செல் பொதுவாகத் தானே வெடித்துச் சாகும். அதே மரபணுவைச் சுமக்கும் அதன் உறவுகளிடம் மாற்றுமருந்து இருப்பதால் அவை பிழைக்கும். அந்நிய இனவகைகள் அழியும். தன் இரத்தத்தைக் காக்க ஒன்று பிறர் முட்டையை ஓரம்கட்டுகிறது, மற்றொன்று தன்னையே அழித்துக்கொள்கிறது.

மோனோவின் வாக்கியம் உண்மையில் தடுமாறுவது இனம் என்ற கருத்தில். நெருப்புக்கோழியின் மரபணுக்கள் தாய் தந்தையிடமிருந்து மட்டுமே வருகின்றன. அதனால் இந்த இனத்துக்குத் தெளிவான எல்லை உண்டு. நீலம் கலந்த சாம்பல் நிறக் கழுத்துடைய சோமாலி நெருப்புக்கோழியைத் தனி இனமாக 2014இல் பிரித்தபோதும், விவாதம் இரண்டா ஒன்றா என்ற அளவில்தான் இருந்தது. ஈ. கோலையில் நிலைமை வேறு. 2002இல் மூன்று இனவகைகளின் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, அவற்றில் மொத்தமாகக் காணப்பட்ட புரத வகைகளில் 39.2 விழுக்காடு மட்டுமே மூன்றுக்கும் பொதுவாக இருந்தது. ஆய்வகங்களில் சாதுவாக வளரும் கே-12 என்ற வகையும், கடும் இரத்தப்போக்கை உண்டாக்கும் ஓ157:எச்7 என்ற வகையும் ஒரே இனப்பெயரைச் சுமக்கின்றன. ஆனால் பின்னதில் இருக்கும் 1,387 மரபணுக்கள் முன்னதில் இல்லை. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா, பரம்பரைப்படி பார்த்தால் ஈ. கோலையின் கிளைகளே, மருத்துவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவே தனிப்பெயர் நீடிக்கிறது.

காரணம், பாக்டீரியா தன் தாயிடமிருந்து மட்டுமின்றிப் பக்கத்தில் நிற்பவரிடமிருந்தும் மரபணுக்களைப் பெறுகிறது. 1946இல் ஜோஷுவா லெடர்பர்க்கும் எட்வர்ட் டேட்டமும் கே-12 வகையில் இதைக் காட்டினார்கள். பின்னர் பாரிஸில் எலி வோல்மனும் ஃபிரான்சுவா ஜாக்கோபும் இரு பாக்டீரியாக்கள் இணைந்து டி.என்.ஏ.யைக் கடத்திக்கொண்டிருக்கும்போது குறிப்பிட்ட நிமிடங்களில் அவற்றைச் சமையலறை மிக்ஸியில் போட்டுச் சுழற்றிப் பிரித்து, எந்த மரபணு எத்தனையாவது நிமிடத்தில் உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முழு வளையமும் கடக்க ஏறத்தாழ 100 நிமிடங்கள் ஆகும் என்பதால், ஈ. கோலையின் மரபணு வரைபடத்தில் தூரங்கள் நிமிடங்களிலேயே குறிக்கப்பட்டன. நெருப்புக்கோழியின் டி.என்.ஏ. இதைவிடச் சுமார் 260 மடங்கு நீளமானது; ஆனால் புரதங்களுக்கான மரபணுக்கள் நான்கு மடங்குகூட இல்லை, பாக்டீரியாவில் 4,300 அளவிலும் பறவையில் 16,000 அளவிலும் உள்ளன. ஒன்று பெரிய நூலகத்தைச் சொந்தமாக வைத்திருக்கிறது; மற்றொன்று சிறிய புத்தகப் பையோடு திரிந்து, தேவையானதைத் தெருவில் கடன் வாங்கிக்கொள்கிறது. எதிர்ப்பு மருந்துகளைத் தாங்கும் திறன் பாக்டீரியாக்களிடையே பரவுவதும் பெரும்பாலும் அந்தக் கடன் வழியாகத்தான்.

பயன்படாததைக் கைவிடுவதில் மட்டும் இரண்டும் மறுபடி ஒன்றுசேர்கின்றன. நெருப்புக்கோழி, ஈமு, கிவி முதலானவை எல்லாம் பறக்காத ஒரே மூதாதையின் வாரிசுகள் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2008 முதல் வந்த டி.என்.ஏ. ஆய்வுகள், பறக்கக்கூடிய டினாமு பறவைகள் இந்தக் கூட்டத்தின் நடுவிலேயே இடம்பெறுவதைக் காட்டின. ஆகவே பறத்தல் பலமுறை தனித்தனியாகக் கைவிடப்பட்டது என்பதே பொருத்தமான விளக்கம். நெருப்புக்கோழியின் மார்பெலும்பில் பறக்கும் தசை பற்றிக்கொள்ளும் முகடு இல்லை. இதே நாடகத்தை ரிச்சர்ட் லென்ஸ்கி கண்ணாடிக் குடுவைகளில் நடத்திக் காட்டினார். 1988இல் அவர் தொடங்கிய சோதனையில், ஒரே ஈ. கோலையின் சந்ததியரைப் பன்னிரண்டு குடுவைகளில், குறைந்த குளுக்கோஸில் நாள்தோறும் வளர்த்தார். பன்னிரண்டு குடுவைகளிலும், ரைபோஸ் என்ற சர்க்கரையைத் தின்னும் திறன் தனித்தனியாகத் தொலைந்துபோனது. அங்கே ரைபோஸ் இல்லை, ஆகவே அந்தத் திறனுக்கு வேலையும் இல்லை. புதிதாகப் பெற்றது அபூர்வம்: ஏறத்தாழ 31,500 தலைமுறைகள் கழிந்தபின் ஒரே ஒரு குடுவையில், ஆக்சிஜன் இருக்கும் நிலையிலும் சிட்ரேட் என்ற சேர்மத்தைத் தின்னும் திறன் தோன்றியது. அதற்கு 15 ஆண்டுகள் ஆயின. மூன்று நான்கு வயதில் முட்டையிடத் தொடங்கும் நெருப்புக்கோழிக்கு அத்தனை தலைமுறைகள் கடக்க ஒரு லட்சம் ஆண்டுகளாவது வேண்டும்.

எது முன்னேறியது என்ற கேள்விக்கு இப்போது வரலாம். பாக்டீரியா பழையது, பறவை புதியது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. பாக்டீரியாக்கள் என்ற பெருங்கூட்டம் மிகப் பழையது என்பது உண்மை. ஆனால் ஈ. கோலை என்ற இந்த இனம், வெப்ப இரத்த விலங்குகளின் குடலை வீடாகக் கொண்டது. அந்த வீடுகள் கட்டப்பட்ட பிறகே அது குடியேறியிருக்க முடியும். தன் நெருங்கிய உறவான சால்மோனெல்லாவிலிருந்து அதன் வம்சம் பிரிந்தது சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்று மதிப்பிடப்படுகிறது. அதாவது அது நெருப்புக்கோழியின் மூதாதை அல்ல. பறவைகள் இருந்த உலகில் உருவான சமகாலத்தவர். இருவருக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து இரண்டும் கடந்து வந்த காலம் ஒரே அளவுதான். போதாததற்கு, நெருப்புக்கோழியின் ஒவ்வொரு தசைச் செல்லிலும் ஆக்சிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, என்றோ விழுங்கப்பட்டு உள்ளேயே தங்கிவிட்ட ஒரு பாக்டீரியாவின் வாரிசு. இன்றும் தனக்கென ஒரு சிறு வளைய டி.என்.ஏ. வைத்திருக்கிறது. வகைப்பாட்டில் அந்த மூதாதையும் ஈ. கோலையும் ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவை. மணிக்கு 70 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஆற்றல் தருவது, ஒரு வகையில், ஈ. கோலையின் தூரத்துப் பங்காளிகள். ஆகவே 'முன்னேறியது' என்ற சொல்லை எடுத்துவிட்டு, எந்தச் சிக்கலை எது எப்படித் தீர்த்தது என்று கேட்பதே சரி.

இவை இரண்டும் உண்மையிலேயே சந்திக்கும் இடங்களும் உண்டு. ஒன்று முட்டை. ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈ. கோலை நுழைந்தால், முதலில் அது விழுவது வெள்ளைக்கருவில். வெறும் சத்து நீர்போலத் தோன்றும் வெள்ளைக்கரு, பாக்டீரியாவுக்கு ஏறத்தாழ ஒரு பாலைவனம். அங்குள்ள ஒரு புரதம் இரும்பு அணுக்களைத் தேடிப்பிடித்துப் பூட்டிவிடுகிறது. லைசோசைம் என்ற மற்றொரு புரதம் பாக்டீரியாவின் சுவரை அரிக்கிறது. ஈ. கோலையிடம் வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக இருப்பதால் லைசோசைம் எளிதில் சுவரை எட்டுவதில்லை. இரும்புப் பஞ்சத்துக்கோ அது என்டெரோபாக்டின் என்ற மூலக்கூறை வெளியே அனுப்பி, பூட்டப்பட்ட இரும்பையும் பறித்துவரப் பார்க்கிறது. இந்த இழுபறியில் பெரும்பாலும் முட்டையே வெல்கிறது. தோற்கும் முட்டைகளில், பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள்கருப் பை அழுகும். வளர்ப்புப் பண்ணைகளில் இளங்குஞ்சுகள் சாவதற்கு இது அறியப்பட்ட காரணம், ஈ. கோலை அதில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி.

மற்றோர் இடம் குடல். நெருப்புக்கோழி பெரும்பாலும் இலைதழைகளைத் தின்பது. பல் இல்லாததால் கற்களை விழுங்கி, அரைவைப்பையில் உணவை நசுக்குகிறது. நாரைச் செரிக்கும் நொதி அதனிடம் இல்லை. மற்றப் பறவைகளில் காணக் கிடைக்காத அளவு நீண்ட அதன் பெருங்குடலில், ஆக்சிஜனே ஆகாத பாக்டீரியாக்கள் நாரை நொதிக்கச் செய்து, பறவை உறிஞ்சிக்கொள்ளும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த வேலையை ஈ. கோலை செய்வதில்லை, செய்யவும் தெரியாது. பொரித்து வெளிவரும் குஞ்சிடம் இந்தக் கூட்டம் கிடையாது. அது பெரிய பறவைகளின் சாணத்தைக் கொத்தித் தின்றே அதைச் சேர்த்துக்கொள்கிறது. பார்ப்பவர்கள் முகம் சுளிக்கும் இந்தப் பழக்கம்தான் அதன் செரிமானத்துக்கு அடித்தளம். புதிதாகப் பிறந்த உயிர்களின் குடலில் தொடக்கத்தில் சிறிது ஆக்சிஜன் இருக்கும். நார் தின்னும் பாக்டீரியாக்கள் அதில் தாக்குப்பிடிக்காது. பொதுவாக முதலில் வந்து குடியேறுபவை ஈ. கோலை போன்ற, இரு நிலையிலும் வாழத் தெரிந்த பாக்டீரியாக்கள். அவை அந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்தபின்பே மற்றவை குடியேறுகின்றன. அதற்குப் பிறகு ஈ. கோலை தன் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்துக்குச் சுருங்கிவிடுகிறது.